தோளுக்கு மேல் போகாத கை

எங்கள் திருச்சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவள் என் அண்ணி ஐவி. வேறு சபைகளில் பார்த்திருக்கிறேன், நடத்துகிறவர்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கி, காற்றை வெட்டி, வளைத்து, ஏதோ சண்டைக்குக் கிளம்பினவர்கள் மாதிரி நிற்பார்கள். ஐவி அப்படியில்லை. முழங்கை இரண்டும் இடுப்போடு ஒட்டியிருக்கும். எல்லா வேலையும் மணிக்கட்டுக்குக் கீழேதான். விரலை மடக்கினால் நிறுத்த வேண்டும். உள்ளங்கையைத் திருப்பினால் மெதுவாகப் பாட வேண்டும். சுண்டுவிரல் அசைந்தால் சோப்ரானோ பாடுகிற மேல்குரல் பெண்கள் உள்ளே வர வேண்டும். பின் பெஞ்சில் இருப்பவர்களுக்கு அவள் நடத்துகிறாள் என்பதே தெரியாது, சும்மா நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"உங்க அண்ணி சப்பாத்தி மாவு பிசையுதாங்களா, பாட்டு நடத்துதாங்களா?" என்று ஒரு பெரிய மனிதர் என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அது சிக்கந்தராபாத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். "உங்க வீட்டுல மாவு பிசைஞ்சா நாலு குரல்ல பாட்டு வருமா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும்தான் பேசுகிறார்.

அது ஐவியின் பாணி என்றுதான் நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். உண்மை வேறு. கையைத் தூக்கினால் அவளுக்கு உயிர் போகிற வலி. இரண்டு அக்குளிலும் கட்டி. ஒன்று ஆறினால் இன்னொன்று கிளம்பும். கல்லூரிக்குப் போவதற்கு முன்பே ஆரம்பித்தது, நாற்பது வயதைத் தாண்டியும் நிற்கவில்லை. அது வெறும் கட்டி இல்லை, தோலில் வருகிற ஒரு நாள்பட்ட அழற்சி நோய், அதற்கு ஒரு பெயரும் மருந்தும் உண்டு என்பது போன வருடம் வரை அவளுக்கே தெரியாது. எங்களுக்கு விஷயம் தெரிய வந்தது ஒரு பெருச்சாளியால். அதைச் சொல்வதற்கு முன் ஐவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஐவியின் கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு சிக்கந்தராபாத் வந்தவர். எங்கள் வீட்டுக் கதையும் கிட்டத்தட்ட அதேதான். ஆகையால் எங்கள் இரண்டு வீட்டிலும் திருநெல்வேலித் தமிழ்தான் பேச்சு, நடுநடுவே வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் நக்கோவும், ஆமாம் என்பதற்கு ஹவ்வும் தானாக வந்து விழும். அவள் என் அண்ணன் சிலாஸைக் கட்டிக்கொண்டு காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்குப் போனாள், ஒரே மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். சிலாஸ் அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருக்கிறான். என்ன செய்கிறான் என்று கேட்டால், "வேல செய்யுதேன்" என்பான். பெண்டாட்டியிடமும் அதே பதில்தான். அவன் செய்வதை அவன் சொல்ல மாட்டான், தனக்கு வலிப்பதை அவள் சொல்ல மாட்டாள். நல்ல குடித்தனம்.

ஐவிக்கு வேலை பேகம்பேட்டில், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். காஞ்சன்பாக்கிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். நின்றுகொண்டு போக வேண்டி வந்தால் எல்லோரும் மேலே இருக்கிற கம்பியைப் பிடிப்பார்கள், அவள் குனிந்து சீட்டின் முனையைப் பிடித்துக்கொள்வாள். "ஏன் இப்படித் தொங்குதீங்க அண்ணி?" என்று நான் கேட்டால், "ஏட்டி, எனக்கு இதுதான் வசதி" என்று சிரிப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் சபையில் பாட்டுப் பயிற்சி. எங்கள் குழுவில் பாதிப் பேர் இந்த ஊரில் படித்த பிள்ளைகள், தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அவர்களுக்காக ஐவி ஒவ்வொரு தமிழ்ப் பாட்டையும் தெலுங்கு எழுத்தில் தன் கையால் எழுதிக்கொண்டு வருவாள். தெலுங்கில் "ழ" கிடையாது, அது வருகிற இடத்தில் எல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருப்பாள், அங்கே நாக்கை மடக்க வேண்டும். சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி இருக்கும்.

அவளுக்கு உலகத்தில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. நாலு குரலும் ஒன்றாகப் போய் ஒரு இடத்தில் உட்காரும்போது அவள் முகத்தைப் பார்த்தால், இவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

குறை இருந்தது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் அக்குளில் ஒரு உருண்டை கிளம்பும், தொடை இடுக்கிலும் சில சமயம். பட்டாணி அளவில் தொடங்கி எலுமிச்சை அளவுக்கு வரும். ஜாக்கெட் கை உரசினால் கண்ணில் தண்ணீர் வரும். பிறகு உடைந்து சீழ் வடியும். அவள் அம்மா அதைச் "சூட்டுக் கட்டி" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு என் அண்ணனும் அதையே சொன்னான். அதனால் சூடு என்று பெயர் வாங்கிய எல்லாவற்றையும் ஐவி விட்டாள். கோழி போயிற்று, முட்டை போயிற்று, கத்திரிக்காய் போயிற்று, கடைசியில் மாம்பழமும் போயிற்று. ஹைதராபாத்தில் இருந்துகொண்டு பிரியாணியும் மாம்பழமும் சாப்பிடாமல் இருக்கிறவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "எனக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிடுவாள். சிலாஸ் கோடை வந்தால் கூடை நிறைய நுங்கு வாங்கிக்கொண்டு வருவான். பாவம், அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

கட்டி ரொம்பப் பெரிதானால் அறுவை டாக்டரிடம் போவாள். அவர் கீறி விடுவார், மாத்திரை கொடுப்பார். "சுத்தமா வச்சுக்கோங்கம்மா" என்று சொல்லி அனுப்புவார். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கொன்றது. அவள் இருவேளை குளிப்பாள், மருந்து சோப்பு போட்டுத் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள். அடுத்த மாதம் மறுபடி வரும். நாம்தான் ஏதோ சுத்தமில்லை போலிருக்கிறது என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். கைக்குட்டையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, மேலே முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக பஸ் ஏறுவாள். சபையில் ஜன்னல் ஓரத்தில் நிற்பாள். யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் கையை நீட்டிக் குலுக்கிவிடுவாள். ஐவிக்குக் கொஞ்சம் கெத்து என்று பேசிக்கொண்டார்கள்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவில் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிறவன் ஜோனத்தன். ஆறடிக்கு மேல் உயரம், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை, குரல் லாரி ஹாரன். அன்றைக்கு அவன் எல்லோரையும் மூழ்கடித்துக்கொண்டிருந்தான். "ஜோனத்தன், உன் குரல் மட்டும்தான் கேக்குது, கொறச்சுக்கோ" என்று ஐவி சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னாள். அவன் முகம் உப்பிப் போயிற்று.

இடைவேளையில் அவன் ஐவிக்குப் பக்கத்தில் வந்து நின்று மூக்கைச் சுளித்தான். "ஏதோ நாறுது. இங்க எதுவோ செத்துக் கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே போய் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐவி பயிற்சியை முடித்தாள், டீ குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் வாட்ஸப் குழுவில் அவளிடமிருந்து ஒரு செய்தி. "நான் பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வேறு யாராவது நடத்தவும். எல்லோருக்கும் நன்றி." அவ்வளவுதான். போன் பண்ணினால் எடுக்கவில்லை.

அவள் ஏன் விலகினாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்கிறேன். அந்த வாரம் அவள் இடது அக்குளில் ஒன்று உடைந்து வடிந்துகொண்டிருந்தது. பஞ்சு வைத்து, துணி சுற்றி, அதற்கு மேல் கைக்குட்டை வைத்துக்கொண்டுதான் பயிற்சிக்கு வந்திருந்தாள். நாறுகிறது என்று ஜோனத்தன் சொன்னது தன்னைத்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். இத்தனை வருடம் எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது, இனி அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க முடியாது என்று முடிவு செய்துவிட்டாள்.

எங்கள் சபைக்கு வேறு கணக்கு. யாராவது குழுவை விட்டு விலகினால் சண்டை என்று அர்த்தம். வேறு காரணம் எங்களுக்குத் தெரியாது. அதுவும் அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. ஒருவர் மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருந்தால் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவதற்கு முன் சமாதானம் ஆகிவிட வேண்டும். ஆகவே சண்டை யாருக்கும் யாருக்கும் என்று எல்லோரும் யோசித்தார்கள். ஐவி ஜோனத்தனைக் குரலைக் குறைக்கச் சொன்னாள், அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வழக்கு முடிந்தது, குற்றவாளி கிடைத்துவிட்டான்.

நான் அவனுக்குப் போன் போட்டேன். "ஏல, எங்க அண்ணிய என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல அக்கா. அவங்கதான் என்னச் சொன்னாங்க. எதுக்கு என்னயே எல்லாரும் கேக்குறீங்க?"

"நீ ஒண்ணும் சொல்லாம அவங்க போவாங்களா? உன் கொரலக் கேட்டு எங்க வீட்டு நாயே போயிரும்" என்றேன்.

எங்கள் சபை ஆயர் நல்ல மனிதர், சண்டை என்றால் தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆயர், அவர் மனைவி ஆயரம்மா, நான், ஜோனத்தன் நாலு பேரும் ஒரு காரில் காஞ்சன்பாக் போனோம். வழியில் ஜோனத்தன் காரை நிறுத்தச் சொல்லி ஒரு பெட்டி உஸ்மானியா பிஸ்கட் வாங்கிக்கொண்டான். அதை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒடுங்கிக்கொண்டான். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சிலாஸ் கதவைத் திறந்தான். ஆயரைக் கண்டதும் அவனுக்குக் கை கால் ஓடவில்லை. "என்ன ஐயா, யாருக்காவது மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டான். ஐவி உள்ளேயிருந்து வந்து, எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஆயர் ஒரு சின்ன ஜெபம் செய்தார். பிறகு மன்னிப்பைப் பற்றிப் பொதுவாக நாலு வார்த்தை பேசினார். ஐவிக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஜோனத்தன் எழுந்து நின்றான். பிஸ்கட் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"அக்கா, நான் கத்திக் கத்திப் பாடினது தப்பு. நீங்க சொன்னப்போ மொகத்த வேற காட்டினேன். மன்னிச்சிருங்க. நான் இருந்தா உங்களுக்குக் கஷ்டம்னா, நான் கொயர் குழுவ விட்டுப் போறேன். நீங்க வந்துருங்க. நீங்க இல்லாம அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு பாட்டும் வராது."

ஐவி அவனைப் பார்த்தாள், ஆயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் நான்கு பேரும் எதற்காக வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆம், சண்டைதான் என்று தலையாட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் ரகசியம் அவளோடு இருந்திருக்கும், பையன் மேல் பழி நின்றிருக்கும். அவள் பிஸ்கட் பெட்டியை வாங்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"ஐயா, எனக்கும் இவனுக்கும் ஒரு சண்டையும் கெடையாது" என்றாள். "எனக்கு அக்குள்ல கட்டி வரும். சின்ன வயசுலேர்ந்து. ஒடஞ்சு சீழ் வடியும், நாத்தம் அடிக்கும். நான் எவ்வளவோ மறைச்சுத்தான் வச்சிருந்தேன். அன்னைக்கு இவன் நாறுதுன்னு சொன்னது என்னத்தான். அவன் சொன்னதுல தப்பில்ல. எனக்குத்தான் இனிமே அங்க வந்து நிக்க வெக்கமா இருக்கு."

ஆயர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். சிலாஸ் கையில் டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டான். ஒரு பெண் ஆயர் முன்னால் அக்குள் என்கிற வார்த்தையைச் சொல்லி எங்கள் சபையில் யாரும் கேட்டதில்லை.

"அக்கா," என்றான் ஜோனத்தன், "அது பெருச்சாளி."

"என்னது?"

"ஹவ் அக்கா. ஆர்மோனியம் வைக்கிற அலமாரிக்குப் பின்னாடி செத்துக் கெடந்துச்சு. புதன்கிழமை நானும் வாட்ச்மேனும் கம்பியால இழுத்துப் போட்டோம். இத்தாம் பெருசு." அவன் கையை விரித்துக் காட்டினான். "போட்டோ இருக்கு, காட்டவா?"

"தம்பி, போட்டோ வேண்டாம்" என்றார் ஆயர்.

"காட்டுலே" என்றாள் ஐவி.

அவன் போனை நீட்டினான். அவள் அதை வாங்கி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அந்தப் படத்தைப் பார்த்தாள். பெருச்சாளிப் படத்தை அவ்வளவு ஆசையாகப் பார்த்த பெண்ணை நான் கண்டதில்லை. விரலால் பெரிதாக்கியும் பார்த்தாள். பிறகு அவள் வாய் கோணியது, தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆயரம்மா எழுந்துவிட்டார்கள். சிரிக்கிறாள். "இதுக்காடா நான் கொயர விட்டேன்" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். ஜோனத்தன் சிரித்தான், அந்தக் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆயரும் காலண்டரை விட்டுவிட்டார். சிலாஸ் மட்டும் சிரிக்கவில்லை. டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். அன்றைக்கு அவளும் ஜன்னல் ஓரத்தை விட்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷமா எங்கிட்டகூடச் சொல்லாம என்ன பொம்பள நீங்க?" என்று கத்தினேன். "அறுக்குறவங்ககிட்டயே போனா அறுக்கத்தான் செய்வாங்க. தோல் டாக்டரப் பாத்தீங்களா?"

"கட்டிக்கு எதுக்குட்டி தோல் டாக்டர்? அவங்க முகப்பருவுக்கும் முடி கொட்டுறதுக்கும்தான்."

முடி கொட்டுகிறதென்று நான் போய்ப் பார்த்த தோல் டாக்டர் ஒருவர் இருந்தார். பேகம்பேட்டில், ஐவியின் அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரம். டாக்டர் பூர்ணா. என் முடிக்கு அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை, அது வேறு விஷயம். திங்கட்கிழமை நானே ஐவியைக் கூட்டிக்கொண்டு போனேன். விட்டால் நழுவிவிடுவாள் என்று கையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

டாக்டர் பூர்ணா அக்குளைப் பார்த்தார். அதற்கு மேல் யாரும் இதுவரை கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். மாதவிலக்குக்கு முன்னால் அதிகமாகிறதா? ஆமாம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? இல்லை, எப்போதுமே முன்னே பின்னேதான். பிள்ளைப்பேறுக்குப் பிறகு எப்படி இருந்தது? மோசம், மகளைத் தூக்கிப் பால் கொடுக்கக்கூட முடியவில்லை. வீட்டில் யாருக்காவது இப்படி? அம்மாவுக்கு இருந்திருக்கலாம், அம்மா சொன்னதில்லை. தூக்கம் எப்படி, மனசு எப்படி? ஆயர் முன்னால் அழாதவள் அங்கே அழுதாள்.

"மீ தப்பு காது அம்மா" என்றார் டாக்டர். உங்கள் தப்பில்லை என்று தெலுங்கில் சொன்னார். நோயின் பெயர் பெரிய பெயர், ஹைட்ராடினைட்டிஸ் சப்புரேட்டிவா. ஹெச்.எஸ். என்று சொன்னால் போதும் என்றார். முடிவேரைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே வருகிற அழற்சி இது. சுத்தமில்லாததால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, கோழிக் குழம்பினாலும் வருவதில்லை. பெரிய பெண் ஆகிற வயதையொட்டித் தொடங்கும், மாதவிலக்கோடு சேர்ந்து ஏறி இறங்கும். சிலருக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாம் கூட வரும், அதனால் தோலை மட்டும் பார்த்தால் போதாது என்றார். தன்னிடம் இதற்காக வருகிற பெண்களில் நிறையப் பேர் பல வருடம் கட்டி கட்டி என்று அறுத்துக்கொண்டு, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்து, கடைசியில் வருகிறவர்கள்தான் என்றும் சொன்னார். முழுக்கப் போகும் என்று அவர் சத்தியம் பண்ணவில்லை. அடக்கி வைக்கலாம் என்றார்.

தேய்ப்பதை முதலில் நிறுத்தச் சொன்னார். தடவ ஒரு மருந்து, சில மாதங்களுக்கு மாத்திரை, இறுக்கமில்லாத பருத்தி ஜாக்கெட். அங்கேயே செய்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது, அதற்கும் மாத்திரை வந்தது. மாதவிலக்குக்குப் பெண்கள் டாக்டரையும் பார்க்கச் சொன்னார். ஐவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"டாக்டர், மாம்பழம் சாப்பிடலாமா?"

"சாப்பிடுங்க. ஆனா உங்க ஷுகருக்கு ஒரு துண்டுதான்."

வெளியே வந்ததும் ஐவி சொன்னாள், "பாத்தியாட்டி, இத்தன வருஷம் சும்மா விட்டேன். இப்போ சாப்பிடலாம்னு சொல்லி ஒரு துண்டுங்கிறாங்க." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரோட்டில் போகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனையை ஐவிதான் நடத்தினாள். மருந்து அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, கை பழையபடி இடுப்போடுதான் இருந்தது. ஆனால் பயிற்சிக்கு வந்த முதல் நாளே குழுவில் இருந்த பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். என்ன நோய், எங்கே வரும், எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்று சிவப்புப் புள்ளி வைத்து "ழ" சொல்லிக்கொடுக்கிற அதே பொறுமையோடு சொன்னாள். அதில் ஒரு பெண் மறுவாரம் என்னிடம் வந்து டாக்டர் பூர்ணாவின் நம்பர் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சில சமயம் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும்.

தை போய் மாசி வந்தது. புதிதாகக் கட்டி வருவது குறைந்தது. இடது அக்குளில் தோலுக்கடியில் பழைய புண் சுரங்கம் மாதிரி ஓடியிருந்தது, அதை மேலே திறந்துவிட்டு ஆற வைக்கிற சின்ன அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சிலாஸ் தினமும் வேலைக்குப் போகும் முன் கட்டு மாற்றிவிட்டான். தொழிற்சாலையில் என்ன செய்கிறானோ தெரியாது, ஆனால் பஞ்சைப் பிடிக்கிற கை மெத்தென்று இருக்கிறது என்று ஐவி சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் புதுப்பெண் முகம் மாதிரி இருந்தது, நான் கிண்டல் பண்ணினேன், என்னை அடிக்க வந்தாள். ஒரு நாள் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேகம்பேட் வரை நின்றே போனதாகப் போன் பண்ணிச் சொன்னாள். உட்கார இடம் இருந்ததாம், வேண்டுமென்றே நின்றாளாம்.

இன்னும் எப்போதாவது ஒன்று வரும். வந்தால் முன்பு மாதிரி ஒளிந்துகொள்வதில்லை. "இன்னைக்கு இடது பக்கம் சரியில்ல, யாரும் இடிச்சிராதீங்க" என்று பயிற்சியில் நேராகவே சொல்லிவிடுவாள். உடனே ஜோனத்தன் போய் அவள் இடது பக்கத்தில் சுவர் மாதிரி நின்றுகொள்வான்.

ஈஸ்டருக்கு முந்தைய பயிற்சி. எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். ஐவி எங்களைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். இரண்டு கையையும் தோளுக்கு மேலே, காதைத் தாண்டித் தூக்கினாள்.

ஒருவரும் பாடவில்லை. அத்தனை பேரும் திரும்பி வாசலைப் பார்த்தோம். யாரோ வந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கையை ஆட்டுகிறாள் என்றுதான் நினைத்தோம். வாசலில் யாரும் இல்லை.

"யாரு வந்திருக்காங்கக்கா?" என்று ஜோனத்தன் கேட்டான்.

"யாரும் வரல. பாட்டு எடுக்கச் சொல்லுதேன்" என்றாள் ஐவி, கையைக் கீழே இறக்காமலே.

"நக்கோ அக்கா. கையக் கீழ போடுங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியல."

சிரித்து முடிக்கவே நேரம் ஆயிற்று. இத்தனை வருடம் அவள் சுண்டுவிரலைப் பார்த்துப் பாடியவர்களுக்கு முழுக் கையைப் பார்த்துப் பாடத் தெரியவில்லை. முதலிலிருந்து கற்றுக்கொண்டோம். இப்படித் தூக்கினால் எல்லோரும், இந்தப் பக்கம் நீட்டினால் ஆல்டோ பாடுகிற பெண்கள், அந்தப் பக்கம் நீட்டினால் பேஸ். அவளும் புதிதாகத்தான் கற்றுக்கொண்டாள். நடுநடுவே கை தானாக இடுப்புக்கு வந்துவிடும், மறுபடி தூக்குவாள்.

ஈஸ்டர் ஆராதனையில் அவள் அரைக்கை ஜாக்கெட் போட்டு வந்திருந்தாள். பின் பெஞ்சில் சிலாஸ் உட்கார்ந்திருந்தான், அங்கிருந்தும் அவள் கை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் நான் பாட மறந்துவிட்டேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. ஐவி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னை ஒரு முறை முறைத்து, வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, நேராக என் பக்கம் நீட்டினாள். நானும் பாடினேன்.